ஊர் திரும்பாத கிட்டார்க்காரர்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா. ஒரு பக்கம் குதிரைச் சந்தை, ஒரு பக்கம் ராட்டினம். ஒலிபெருக்கியில் பழைய சினிமாப் பாட்டு. பாட்டின் நடுவே ஒரு தந்தி வாத்தியம், குழந்தை ஏங்குவதைப் போல இழைந்து இழைந்து ஒலிக்கிறது. கேட்டிருப்பீர்கள். அதுதான் ஹவாய் கிட்டார். அதை உலகத்துக்குக் கொடுத்தவர் ஜோசப் கெகூக்கு.

பசிபிக் மாகடலின் நடுவே உள்ள தீவுக்கூட்டம் ஹவாய். அங்கே லாயியே என்ற கடற்கரை ஊரில் 1874-ல் அவர் பிறந்தார்.

கிட்டாரை மார்போடு அணைத்து, தந்தியை விரலால் அழுத்தி வாசிப்பதுதான் வழக்கம். சிறுவன் கெகூக்கு அதை மடியில் படுக்கவைத்தான். தந்தியின்மேல் இரும்பை வைத்து இழுத்துப் பார்த்தான். சீப்பு, கத்தி என்று எதையும் விடவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துப் பட்டறையிலேயே ஓர் உருக்குத் துண்டு செய்துகொண்டான். வாசிப்பு கைவர ஏழு ஆண்டுகள் ஆயினவாம். நம் கோட்டுவாத்தியக்காரர்கள் மரக்கட்டையால் செய்வதும் ஏறக்குறைய இதுதானே! இந்தியாவில் பிறந்து ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்த டேவியன் என்பவர்தான் முதலில் இப்படி வாசித்தார் என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கட்டும். ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கெகூக்குதான்.

அந்தக் காலம் ஹவாய் மக்களுக்குப் பொல்லாத காலம். 1893-ல் அரசி லிலியுவோகலானியை அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நாடு போயிற்று. வீட்டில் பேசும் மொழிக்கு வகுப்பறையில் இடமில்லாமற் போயிற்று.

1904-ல், முப்பது வயதில், கெகூக்கு கப்பல் ஏறினார். அமெரிக்க நகரங்களில் மேடை மேடையாக வாசித்தார். மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1919-ல் 'சொர்க்கப் பறவை' நாடகக் குழுவோடு ஐரோப்பா போய் எட்டு ஆண்டுகள் சுற்றினார். பார்க்க வந்தவர்களுக்கு வேண்டியது புல் பாவாடை ஆட்டமும் நிலா வெளிச்சமும். ஆனால் கடல் கடந்து வந்த தீவுக்காரர்களுக்கு அந்த மேடைதான் ஊர்த் திண்ணை. பள்ளிக்கூடம் தள்ளிவைத்த மொழியை அங்கே அவர்கள் வாய்விட்டுப் பாடினார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது புரிந்திருக்கும்?

1932 ஜனவரியில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கெகூக்கு காலமானார். டோவர் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். பனி பெய்யும் ஊர் அது. லாயியேவுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவருடைய வாத்தியம் நம் நாட்டுக்கு வந்த கதையும் சுவையானது. அதே லாயியேவில் வளர்ந்த டாவ் மோய் என்ற கலைஞர், 1940-களில் மனைவி மக்களோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். வங்காளத்து வீடுகளில் ஹவாய் கிட்டார் புகுந்தது. ரவீந்திரநாத் தாகூரின் பாடல்களை அதில் வாசித்தார்கள். பம்பாய் சினிமாவும் அதை விடவில்லை. பிறகு விஸ்வ மோகன் பட் அதை மாற்றி அமைத்து மோகன வீணை ஆக்கினார். 1994-ல் கிராமி பரிசும் பெற்றார்.

டாவ் மோய் முதுமையில் லாயியேவுக்கே திரும்பிப் போய்விட்டார். கெகூக்குவுக்கு 2015-ல் அங்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். கல்லறை மட்டும் இன்னும் டோவரில்தான் இருக்கிறது.