ஈயத்திடம் தோற்ற ஹெவேசி

கதிர்த்தொழிற்பாடு என்றதும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் நினைவு வருவது மேரி கியூரிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதிர் வீசும் அணுக்களை உயிருள்ள உடம்புக்குள் அனுப்பி, எந்தப் பொருள் எங்கே போகிறது, எவ்வளவு காலம் தங்குகிறது என்று வேவு பார்க்கலாம் என முதலில் கண்டவர் வேறொருவர். அவர் பெயர் ஜோர்ஜ் டி ஹெவேசி. இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரு மூலகத்தையே கண்டுபிடித்தவர். அவருடைய வாழ்க்கையை என்னைத் தேடிப் படிக்க வைத்தது என் உம்மாவின் கழுத்தில் வந்த ஒரு சிறிய கட்டி. அதைப் பிறகு சொல்கிறேன்.

1885 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஹெவேசி பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். நிலபுலம் நிறைந்த குடும்பம். யூத வம்சத்தில் வந்து கத்தோலிக்கர்களாக வாழ்ந்தவர்கள். ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் படித்து 1908இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1911இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குப் போனார். அங்கேதான் ரதர்போர்ட் இருந்தார். அணுவின் கரு பற்றிய கருத்தை அவர் வெளியிட்டதும் அதே வருடத்தில்தான்.

ரதர்போர்ட்டிடம் பல நூறு கிலோ ஈயம் கிடந்தது. ரேடியம் எடுத்த தாதுவிலிருந்து கிடைத்த அந்த ஈயத்தை ஆஸ்திரிய அரசாங்கம் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. அதற்குள் ரேடியம் டி என்ற கதிர்வீசும் பொருள் ஒளிந்திருந்தது. ஆய்வுக்கு மிகவும் வேண்டிய பொருள்தான், ஆனால் ஈயத்தோடு கலந்து கிடப்பதால் பயனில்லை. ஈயத்தை நீக்கி அதைத் தனியாக எடுத்துத் தரும் வேலை இளைஞர் ஹெவேசியின் தலையில் விழுந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் பாடுபட்டார். கரைத்தார், படிவு வீழ்த்தினார், மின்பகுப்பும் செய்து பார்த்தார். எதற்கும் அது பிரிந்து வரவில்லை. வராதுதான். ரேடியம் டி என்பதும் ஈயமே. திணிவெண் 210 உள்ள ஈயம். இன்று நாங்கள் சமதானி என்று படிப்பது இதைத்தான். ஒரே மூலகத்தின் சமதானிகள் இரசாயன முறையில் ஒரேமாதிரி நடப்பவை என்பது அந்த நாட்களில் இன்னும் தெளிவாகவில்லை.

இதே காலத்துக் கதை ஒன்றை அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாராம். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சியை வார நடுவில் வேறு வடிவத்தில் மேசைக்குக் கொண்டு வருகிறார் என்று அவருக்குச் சந்தேகம். கேட்டால் எல்லாம் புதிதாகச் சமைத்தது என்று பதில். ஒரு ஞாயிறு தட்டில் மிஞ்சியதில் சிறிதளவு கதிர்வீசும் பொருளைத் தூவி வைத்தார். சில நாட்களின் பின் வந்த உணவுக்கு அருகே மின்காட்டியை வைத்தபோது குட்டு வெளிப்பட்டுவிட்டது. நேற்றைய கறியை இன்று சூடாக்கிப் பரிமாறும் நம் வீட்டுப் பெண்களுக்காக நான் அந்த வீட்டுக்காரியின் பக்கம்தான். வீண் விரயம் செய்யாத பெண்ணை இப்படியா பிடிப்பது?

1913இல் ஹெவேசி வியன்னாவுக்குப் போனார். அங்கே பனெத் என்ற இளம் ஆய்வாளரும் இதே ஈயத்தோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்தார். தோற்ற இருவரும் சேர்ந்தபோதுதான் அந்த யோசனை பிறந்தது. ரேடியம் டியை ஈயத்திலிருந்து பிரிக்கவே முடியாது என்றால், ஈயம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். போகும் இடத்திலிருந்து கதிர் வீசித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்படியானால் ஈயத்தோடு அதைத் துளியளவு கலந்துவிட்டு, கதிரைப் பின்தொடர்ந்தால் ஈயத்தைப் பின்தொடரலாம். ஒரே மாதிரி ஆயிரம் ஆடுகள் உள்ள மந்தையில் ஓர் ஆட்டின் கழுத்தில் மணி கட்டுவது போல. தராசுக்குப் பிடிபடாத அளவு ஈயம் நீரில் கரைவதை அந்த வருடமே இருவரும் இந்த முறையால் அளந்து காட்டினார்கள். இரண்டு வருடத் தோல்வி அப்படியே தலைகீழாகி ஒரு கருவியாக மாறிய இந்த இடத்தை நான் மூன்று தடவை வாசித்தேன்.

இடையில் உலக யுத்தம் வந்தது, படைச் சேவையும் வந்தது. 1920இல் நண்பர் நீல்ஸ் போர் இருந்த கொப்பன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1923இல் டச்சுக்காரரான கொஸ்டருடன் சேர்ந்து, சிர்க்கோன் தாதுவை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து 72ஆம் மூலகத்தைக் கண்டார். கொப்பன்ஹேகனின் இலத்தீன் பெயரால் அதற்கு ஹஃப்னியம் என்று பெயர். மாத்தறை வைரம் என்று நம் நாட்டில் விற்கப்படும் நிறமற்ற கல்லும் சிர்க்கோன்தான். அதை மோதிரத்தில் அணிபவர் ஹஃப்னியத்தையும் சிறிதளவு விரலில் சுமக்கிறார்.

அதே 1923இல் அவர் செய்த இன்னொரு வேலை, என் பார்வையில், மூலகம் கண்டதையும் விடப் பெரியது. அவரையினச் செடிகளின் வேரை, தோரியம் பி கலந்த ஈயக் கரைசலில் வைத்தார். தோரியம் பி என்பதும் கதிர்வீசும் ஈயமே. 10 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய அரை ஆயுட்காலம் உள்ளது. பின்னர் வேர், தண்டு, இலை என ஒவ்வொன்றையும் எரித்துச் சாம்பலை அளந்தார். பெரும்பகுதி ஈயம் வேரிலேயே நின்றிருந்தது. இலைக்கு ஏறியது கொஞ்சம். உயிருள்ள ஒன்றுக்குள் ஓர் அணு நடந்த வழியை மனிதன் பார்த்தது அதுவே முதல் தடவை.

தோரியம் என்றதும் எங்கள் தீவு நினைவுக்கு வருகிறது. தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனியத்தை 1904இல் உலகுக்கு அறிவித்தவர், அப்போது இலங்கையின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி. கண்டிச் சிற்பங்களைப் பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான். இலங்கையிலிருந்து போன அந்தக் கனியத்திலிருந்துதான் லண்டனில் ஒட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டார். தோரியம் பி பிறப்பது அதன் சந்ததியில். அவரைச் செடிக் கதையின் வேர் ஒன்று நம் மண்ணிலும் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

செடிக்குப் பிறகு முயல். 1924இல் பிஸ்மத், ஈயம் ஆகியவை முயலின் உடம்பில் எங்கே போகின்றன என்று பார்த்தார். ஆனால் ஈயம் நஞ்சு. உடம்புக்குப் பழகிய மூலகங்களின் கதிர்வீசும் சமதானிகள் கிடைக்கும் வரை மனிதனை நெருங்க முடியவில்லை. 1934இல் அவர் வேறு வழியொன்றைப் பிடித்தார். கதிர் வீசாத, ஆனால் நிறையால் வேறுபடும் பாரநீரைக் குடித்து, அது உடம்பை விட்டு வெளியேறும் வேகத்தை அளந்தார்கள். நாம் குடிக்கும் நீரின் ஒரு மூலக்கூறு சராசரியாகச் சுமார் 13 நாட்கள் நமக்குள் தங்குகிறது என்று தெரியவந்தது. அடுத்த வருடம் கதிர்வீசும் பொசுபரசை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லைப் போல மாறாதது என்று எண்ணியிருந்த எலும்பும்கூட ஓயாமல் தன் அணுக்களை மாற்றிக்கொண்டிருந்தது.

இந்த நாட்களில் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்த ஹில்டே லெவி என்ற இளம் யூதப் பெண் அவரோடு சேர்ந்தார். நியூத்திரனால் தாக்கி, ஒரு பொருளில் எந்த மூலகம் எவ்வளவு உள்ளது என்று கண்டறியும் முறையை 1936இல் இருவரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். பாடப்புத்தகங்கள் அந்தப் பெண்ணின் பெயரை ஏன் இத்தனை எளிதில் விட்டுவிடுகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

1940 ஏப்ரலில் ஜேர்மன் படை கொப்பன்ஹேகனுக்குள் நுழைந்தது. போரின் ஆய்வுகூடத்தில் லாவே, பிராங்க் ஆகிய இரு ஜேர்மன் விஞ்ஞானிகளின் தங்க நோபல் பதக்கங்கள் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்தன. ஜேர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது பெரும் குற்றம். பதக்கத்தில் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணில் புதைக்கலாம் என்று ஹெவேசி நினைத்தார். தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று போர் அஞ்சினார். படையினர் தெருவில் நடந்துகொண்டிருக்க, ஹெவேசி இரண்டு பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்தார். தங்கம் இலகுவில் கரைவதில்லை. அன்றைய பகல் அதிலேயே போனது. செம்மஞ்சள் நிறத் திரவம் நிறைந்த போத்தல் மற்றப் போத்தல்களோடு இறாக்கையில் ஏறியது. தேடி வந்தவர்கள் எவரும் அதைத் தொடவில்லை. யுத்தம் முடிந்தபின் தங்கம் மீட்கப்பட்டு, ஸ்டொக்ஹோமில் மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது.

ஹெவேசிக்கோ 1943இல் சுவீடனுக்குத் தப்பிப் போகவேண்டி வந்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கைக்கு எட்டாத நோபல் பரிசு அங்கேதான் கிடைத்தது. 1943க்குரிய பரிசை 1944இல் அறிவித்தார்கள்.

அவர் கட்டிய மணியை அதற்குள் வைத்தியர்கள் கையில் எடுத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் உண்ணும் அயடீனைப் பிடித்துச் சேர்த்து வைப்பது தைரொயிட் சுரப்பி. அதனால் கதிர்வீசும் அயடீனைக் கொடுத்தாலும் அது அங்கேயே போய்ச் சேரும். மிகையாகச் சுரக்கும் தைரொயிட்டுக்கு 1941இல் பொஸ்டனில் வைத்தியர் சோல் ஹேர்ட்ஸ் இதை மருந்தாகக் கொடுத்தார். இரண்டு வருடங்களில் நியூயோர்க்கில் ஒரு புற்றுநோயாளிக்கும் கொடுக்கப்பட்டது. தைரொயிட் புற்றுநோய்க் கலங்கள் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிப்போனாலும் அவற்றில் பல அயடீனைப் பிடிக்கும் பழைய பழக்கத்தை விடுவதில்லை. அந்தப் பழக்கமே அவற்றுக்கு எமனாகிறது. அயடீன் 131 வீசும் பீட்டா துணிக்கை ஓரிரு மில்லிமீற்றர் தூரத்துக்குள் கலத்தை அழிக்கும். காமாக் கதிர் வெளியே வந்து, நோய் எங்கே இருக்கிறது என்று கமெராவுக்குச் சொல்லும். தேடுவதும் தாக்குவதும் ஒரே அணு.

இப்போது உம்மாவின் கதை. சத்திரசிகிச்சையில் கட்டியோடு தைரொயிட்டையும் அகற்றிய பிறகு, மிஞ்சிய கலங்களை அழிக்க அயடீன் கொடுக்கவேண்டும் என்றார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் அயடீன் கலந்த உப்பு இல்லை, கருவாடு இல்லை, கடல் மீன் இல்லை. கலங்கள் அயடீனுக்குப் பசித்திருக்கவேண்டுமாம். ஈயக் குடுவையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு வில்லையை உம்மா விழுங்கினார். ஈயத்தின் மேல் ஹெவேசிக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கும்! அதே ஈயம் இப்போது எல்லோரையும் காத்து நிற்கிறது.

உம்மா தனியறையில் இருந்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சுரப்பி பிடிக்காத அயடீன் சிறுநீரோடு போய்விடவேண்டும். அக்குறணைக்குத் திரும்பி வந்தபின்னும் சில நாள் தம்பியை மடியில் தூக்கக்கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அரை ஆயுட்காலத்தை எப்படி விளங்கப்படுத்துவது? கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதான். உள்ளே உம்மாவும் அழுதார். அயலில் ஒருசிலர் எங்கள் வீட்டுத் தேநீரைக் குடிக்கவும் தயங்கினார்கள். அவர்களுக்கு நான் கணக்குச் சொன்னேன். அயடீன் 131 எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி. உடம்பு வெளியேற்றுவதையும் சேர்த்தால் இன்னும் விரைவாகக் குறையும். தொட்டால் ஒட்டும் நோயல்ல இது. இதை வாசிக்கும் பெற்றோர் யாருடைய வீட்டிலாவது இந்தச் சிகிச்சை நடந்தால், வைத்தியர் சொன்ன நாட்கள் வரை மட்டும் விலகியிருங்கள். அதன்பிறகு தாராளமாக அருகில் போய் உட்காருங்கள். கண்டியிலிருந்து வெகுதூரம் போகாமல், பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலேயே அணுக்கரு மருத்துவப் பிரிவொன்று இருக்கிறது. சந்தேகங்களை அறிந்தவர்களிடம் கேட்கலாம்.

உம்மாவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேன் படத்தில் கழுத்துப் பகுதி வெறுமையாக இருந்தது. வெறுமையான ஒரு படத்தைப் பார்த்து வாப்பா அவ்வளவு நேரம் நின்றதை நான் முன்பு கண்டதில்லை.

ஹெவேசி முதுமையிலும் ஸ்டொக்ஹோமில் ஆய்வைத் தொடர்ந்தார். 1949இல் இங்கிலாந்தின் ரோயல் சங்கம் கொப்ளி பதக்கம் வழங்கியது. 1966 ஜூலை 5ஆம் திகதி, தான் கலாநிதிப் பட்டம் பெற்ற அதே பிரைபேர்க்கில் காலமானார். 2001இல் அவருடைய உடல் எச்சங்கள் பிறந்த ஊரான புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன. அவருடைய வாழ்க்கையை முழுமையாக எழுதி 1985இல் நூலாக்கியவர் ஹில்டே லெவி.