பதில் வராத விண்ணப்பம்



அண்மையில் வட்டுக்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். யுத்த காலத்தில் ஷெல் துண்டு பட்டு ஒரு காலை இழந்த குடும்பத் தலைவர் ஒருவர் அங்கு இருக்கிறார். கதைத்துக்கொண்டிருக்கையில் ஊன்றுகோலை எடுத்து எழும்பிப் போய், அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்தியசாலைத் துண்டு, கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசி, நட்டஈட்டு விண்ணப்பத்தின் பிரதி என எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பதில் ஒன்றுதான் இல்லை. காசு வராவிட்டாலும் பரவாயில்லை, காயப்பட்டது உண்மை என்று யாராவது எழுதித் தந்தால் போதும் என்பது அவருடைய ஆதங்கம்.

அந்தப் பையைக் கண்டதும், நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இப்படியே ஒரு கட்டுக் கடதாசியோடு அலைந்த ஒரு மனிதரின் நினைவு எனக்கு வந்தது. அவர் பெயர் மிகுவேல் செர்வாந்தேஸ். காற்றாடி ஆலைகளை இராட்சதர் என்று எண்ணி ஈட்டியோடு பாய்ந்த டொன் குவிக்சோட்டின் கதையை நீங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். அதை எழுதியவர் அவரே. ஆனால் அவர் முதலில் ஒரு போர்வீரர், காயப்பட்ட போர்வீரர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

செர்வாந்தேஸ் 1547ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் அல்கலா நகரில் பிறந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தகப்பனார் காயங்களுக்குக் கட்டுப்போடும் சாதாரண வைத்தியர். கடன் தொல்லையால் ஊர் ஊராக மாறிய குடும்பம். இருபத்திரண்டு வயதளவில் மகன் உரோமாபுரிக்குப் போய் கர்தினால் அக்குவாவீவாவின் இல்லத்தில் சிலகாலம் பணிபுரிந்து, பின் படையில் சேர்ந்தார்.

லெப்பந்தோ கடற்போரை அறியாத கத்தோலிக்க வீடு இல்லை. ஒக்டோபர் மாதம் நாம் செபமாலை அன்னையின் திருநாளைக் கொண்டாடுவது 1571ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆந் திகதி நடந்த அந்தப் போரின் ஞாபகமாகவே. பாப்பரசர் 5ஆம் பத்திநாதரின் முயற்சியால் ஸ்பெயினும் வெனிசும் பாப்பரசரின் கப்பல்களோடு சேர்ந்தன. எதிரே துருக்கியரின் கடற்படை. இரு பக்கமும் இருநூறுக்கு மேற்பட்ட துடுப்புக் கப்பல்கள்.

அவற்றுள் மார்க்கேசா என்ற கப்பலில் செர்வாந்தேஸ் காய்ச்சலாய்க் கிடந்தார். கீழ்த்தட்டிலேயே இருக்கும்படி தளபதியும் தோழர்களும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மேலே வந்து, பன்னிரண்டு வீரரோடு சிறு படகு கட்டியிருந்த ஆபத்தான இடத்தில் நின்று போராடினார். நெஞ்சில் இரண்டு குண்டுகள் பட்டன. மூன்றாவது குண்டு இடக்கையைச் சிதைத்தது. கையை வெட்டி எடுக்கவில்லை; ஆனால் அது பின்னர் ஒருநாளும் வேலைக்கு உதவவில்லை. அப்போது அவருக்கு வயது 24. மெசினா நகர வைத்தியசாலையில் மாதக் கணக்கில் கிடந்தார். படைத்தலைவர் டொன் ஜுவான் அவருடைய சம்பளத்தில் மாதம் மூன்று பொற்காசு கூட்டிக் கொடுக்க உத்தரவிட்டார்.

காயப்பட்ட வீரருக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ் வாஷிங்டன் 1782இல் துணியால் தைத்த ஊதா நிற இதயச் சின்னம் ஒன்றை வீரச் செயலுக்காக ஏற்படுத்தினார். அது வழக்கொழிந்து போய், 1932இல்தான் காயப்பட்டோருக்குரிய பதக்கமாக மறுபடி உயிர்பெற்றது. அப்போதும் முதலாம் உலகப் போரில் காயப்பட்ட பழைய வீரர்கள் அத்தாட்சிகளோடு தாங்களே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எந்த நாடானாலும் காயப்பட்டவன்தான் தன் காயத்தை நிரூபிக்க வேண்டும்! செர்வாந்தேஸின் காலத்தில் பதக்கத்துக்குப் பதிலாக வீரர்கள் கேட்டது அரசரின் தயவை: ஒரு பதவி, அல்லது ஒரு சிறு வருமானம்.

கை இயலாமற் போன பின்னும் அவர் சில வருடங்கள் படையில் இருந்தார். 1575 செப்டெம்பரில் நேப்பிள்ஸ் நகரிலிருந்து ஊருக்குப் புறப்பட்டபோது, டொன் ஜுவானும் செசா கோமகனும் கொடுத்த சிபாரிசுக் கடிதங்கள் மடியில் இருந்தன. அவை இருந்தால் அரசரிடம் நல்லதொரு பதவி நிச்சயம். ஆனால் வழியில் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்தனர். அவரும் தம்பி ரொட்ரிகோவும் அடிமைகளாயினர். கடிதங்களைக் கண்ட கொள்ளையர், இவன் பெரிய ஆள் என்று எண்ணி, மீட்புத் தொகையை 500 பொற்காசு என விதித்தார்கள். நன்மைக்கென்று வாங்கிய கடிதம் விலங்கைக் கனமாக்கிவிட்டது.

ஐந்து வருட அடிமை வாழ்வு. நான்கு முறை தப்ப முயன்றார். ஒருமுறை தோழர் பலரைக் கடற்கரைத் தோட்டமொன்றின் குகையில் மாதக் கணக்கில் ஒளித்து வைத்தார். ஒவ்வொரு முறையும் முயற்சி தோற்றது. ஒவ்வொரு முறையும் குற்றம் முழுவதும் தன்னுடையதே என்று ஏற்றுக்கொண்டார். ஊரில் தகப்பனார் 1578இல் சாட்சிகளை அழைத்து, மகன் லெப்பந்தோவில் காயப்பட்டதை நீதிமன்றில் பதிவு செய்வித்தார். தாயாரோ, உதவிப் பணம் கிடைக்கட்டும் என்று, கணவர் உயிரோடு இருக்கையிலேயே தன்னை விதவை என்று எழுதிக் கொடுத்தார். பொய் சொன்னது பிழைதான். ஆனாலும் அந்தத் தாய்மீது கல்லெறிய எனக்கு மனம் வரவில்லை.

அடிமைகளை மீட்பதற்கென்றே புனித ஜோன் தெ மாத்தா தொடங்கிய திரித்துவ சபையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அச்சபைக் குருவானவர் ஜுவான் ஜில் 1580இல் அல்ஜியர்ஸ் வந்தார். குடும்பம் சேர்த்துக் கொடுத்தது 300 பொற்காசு அளவே. மீதியைச் சபைப் பணத்திலிருந்தும் வணிகரிடமிருந்தும் திரட்டினார். செப்டெம்பர் 19ஆந் திகதி அவர் பணத்தைக் கட்டியபோது, கொன்ஸ்தாந்திநோப்பிள் போகும் கப்பலில் செர்வாந்தேஸ் ஏற்றப்பட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் டொன் குவிக்சோட் பிறந்திருக்க மாட்டார்.

விடுதலையானவர் உடனே கப்பலேறவில்லை. தன்மீது அவதூறு பரப்பிய ஒருவர் இருந்தபடியால், அக்குருவானவர் முன்னிலையில் பன்னிரண்டு சாட்சிகளை அழைத்துத் தன் அடிமைக்கால நடத்தையை எழுத்தில் பதிவு செய்வித்தார். அந்தக் கட்டுத்தான் நான் சொன்ன கடதாசிக் கட்டு.

ஸ்பெயினில் லெப்பந்தோ பழங்கதையாகிவிட்டது. டொன் ஜுவான் 1578இலேயே இறந்துவிட்டார். செர்வாந்தேஸ் நாடகம் எழுதினார், 1584இல் மணமுடித்தார், 1587 முதல் கடற்படைக்குக் கோதுமையும் எண்ணெயும் சேகரிக்கும் அலுவலரானார். எசிகா என்ற ஊரில் கோவிலுக்குரிய கோதுமையை அரச கட்டளைப்படி எடுத்ததற்காகத் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். நீங்கள் திடுக்கிட வேண்டாம். அத்தண்டனை பின்னர் நீக்கப்பட்டது.

1590ஆம் ஆண்டு மே 21ஆந் திகதி அவர் 2ஆம் பிலிப் அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். 22 வருட சேவை, லெப்பந்தோக் காயம், அடிமைவாழ்வு, மீட்புக்காகக் குடும்பச் சொத்து அழிந்தது, தம்பி இன்னமும் படையில் இருப்பது எல்லாவற்றையும் சொல்லி, அமெரிக்க நாடுகளில் வெறுமையாய் இருந்த நான்கு பதவிகளில் ஒன்றைக் கேட்டார். பழைய சாட்சியங்களையும் இணைத்தார். ஜூன் 6ஆந் திகதி, விண்ணப்பத்திலேயே ஓர் அதிகாரி ஒரு வரி எழுதித் திருப்பினார். இங்கேயே ஏதாவது தேடிக்கொள்ளட்டும் என்பதே அதன் பொருள்.

அந்த 2ஆம் பிலிப் அப்போது போர்த்துக்கலுக்கும் அரசர் என்பதை யாழ்ப்பாணத்தார் கவனிக்கவேண்டும். மறு ஆண்டு, 1591இல், அவர் பெயரால் புறப்பட்ட போர்த்துக்கேயப் படை அந்திரே பூர்த்தாதோவின் தலைமையில் நல்லூருக்கு வந்து, புவிராச பண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றியது. வட்டுக்கோட்டையில் போர்த்துக்கேயர் கோவில் எழுப்பியதும், பின்னர் அது ஒல்லாந்தர் கைக்குப் போனதும், பாழடைந்து கிடந்ததை அமெரிக்க மிசனரிமார் திருத்தியதும் அதைத் தொடர்ந்த கதை. உலகின் இந்தக் கோடிவரை படை அனுப்ப வழியிருந்த அரசுக்கு, கை இழந்த ஒரு சிப்பாய்க்கு ஒரு கணக்குப்பிள்ளை வேலை கொடுக்க வழியிருக்கவில்லை.

அதன்பின் வரி சேகரித்தார். பணத்தை ஒப்படைத்திருந்த வங்கிக்காரர் முறிந்துபோக, 1597இல் செவில்லா சிறைக்குப் போனார். 1605இல் டொன் குவிக்சோட்டின் முதற் பாகம் வெளிவந்து அவ்வாண்டிலேயே பலமுறை அச்சேறியது. வறுமை மட்டும் போகவில்லை. 1614இல் வேறொருவர் பொய்யாக இரண்டாம் பாகம் எழுதி, முதுமையையும் ஊனக் கையையும் பரிகசித்தார். மறு ஆண்டு தன் சொந்த இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் செர்வாந்தேஸ் கோபமின்றிப் பதில் சொன்னார்: அந்தக் கை மதுக்கடையில் முடமாகவில்லை என்ற கருத்தில்.

1616 ஏப்பிரல் 2ஆந் திகதி புனித பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அம்மாதம் 22ஆந் திகதி இறந்தார். மட்ரிட் நகரில், தன்னை மீட்ட திரித்துவ சபையின் கன்னியர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்விடத்தைத் தோண்டிய ஆய்வாளர், வேறு பலரின் எலும்புகளோடு கலந்து கிடந்த அவருடைய எச்சங்களைக் கண்டதாக 2015இல் அறிவித்தனர்.

அந்த விண்ணப்பம் அழியவில்லை. செவில்லாவில் உள்ள சுவடிக்கூடத்தில், பன்னிரண்டு சாட்சிகளின் வாக்குமூலங்களோடு சேர்ந்து கிடந்ததை 1808இல் கண்டெடுத்தார்கள். குகையைப் பற்றியும், குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டதைப் பற்றியும் நான் மேலே உங்களுக்கு எழுதியவற்றில் பெரும்பங்கு அந்தக் கட்டிலிருந்துதான் உலகத்துக்குத் தெரியவந்தது. வட்டுக்கோட்டை ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் தம் பையை மறுபடி கட்டி, எலி கடிக்காத மேல்தட்டில் வைக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தார்.