கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் (1832 – 1907)

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்னால் உள்ள சிலையை மாணவர் பலர் பார்த்திருப்பீர்கள். போர்க்களத்திலிருந்து கல்விப் பணிக்கு வந்த ஓர் அமெரிக்கரின் சிலை அது.

ஒல்கொட் 1832 ஆகஸ்ட் 2ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தார். இளமையில் விவசாயத் துறையில் ஈடுபட்டார். 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் சேவையாற்றினார். பின்னர், படைக்குப் பொருள் வழங்கியோர் செய்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை ஏற்றார். கேணல் என்ற பதவி அக்காலத்தில் கிடைத்ததாகும். 1865இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் கொலை பற்றிய விசாரணையிலும் பங்குபற்றினார். 1875இல் பிளவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் சேர்ந்து நியூயோர்க்கில் பிரம்மஞான சங்கத்தை நிறுவினார்.

1873ஆம் ஆண்டின் பாணந்துறை விவாதம் பற்றி வாசித்தறிந்த ஒல்கொட், 1880 மே 17ஆம் திகதி காலித் துறைமுகத்தில் வந்திறங்கினார். அப்போது இலங்கைப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. தம் சமயச் சூழலில் நவீன கல்வி பெறும் வாய்ப்பு பௌத்தப் பிள்ளைகளுக்கு மிகக் குறைவாகவே இருந்தது. எனவே அதே ஆண்டில் கொழும்பில் பௌத்த பிரம்மஞான சங்கத்தை அமைத்தார். 1881இல் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று கல்வி நிதி திரட்டினார். பாடசாலைகள் எழுந்தது சாதாரண மக்கள் கொடுத்த பணத்தினாலும் என்பதை மறத்தல் கூடாது.

1886இல் புறக்கோட்டையில் 37 மாணவருடன் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்தது. கண்டி தர்மராஜ கல்லூரி (1887), காலி மகிந்த கல்லூரி (1892) என்பனவும் இச்சங்கத்தின் முயற்சியால் தோன்றியவை.

1883இல் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்றின்போது சமயக் கலவரம் மூண்டது. படைவீரராக இருந்த ஒல்கொட் இங்கு தேர்ந்தெடுத்தது மனுவின் வழியையே. 1884இல் லண்டன் சென்று குடியேற்ற நாட்டு அமைச்சிடம் முறையிட்டார். 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாக்கப்பட்டது.

தமிழருக்கும் அவர் தொண்டாற்றினார். சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென 1894இல் இலவசப் பாடசாலை அமைத்தார். 1907 பெப்ரவரி 17ஆம் திகதி அடையாற்றிலேயே காலமானார்.

பரீட்சையில் கவனிக்க: பௌத்த கொடியை ஒல்கொட் தனியே உருவாக்கினார் என எழுதுவது தவறு. அதனை 1885இல் கொழும்புக் குழுவொன்று அமைத்தது. அதன் அளவைத் திருத்துமாறு ஆலோசனை கூறியவரே ஒல்கொட். சைவர்களுக்காக ஆறுமுக நாவலரும் முஸ்லிம்களுக்காகச் சித்திலெப்பையும் ஆற்றிய கல்விப் பணியுடன் ஒப்பிட்டு எழுதினால் விடை சிறப்புறும்.