திராட்சைக் கொடிக்கு பிரஷர் பார்த்தவர்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல மானோமீட்டர் ரீடிங் எடுத்திருப்பீங்க. அதே மாதிரி ஒரு பாதரசக் குழாயை, கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு திராட்சைக் கொடியில் மாட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ். தொழில்? சர்ச் பாதிரியார்.

1677-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1709-ல் லண்டன் பக்கத்துல, தேம்ஸ் கரையில் இருக்கிற டெடிங்டன் கிராமத்துக்குப் போதகராகப் போனவர், கடைசி வரை அங்கேயேதான் இருந்தார்.

ரத்தம் உடம்பைச் சுற்றி வருதுன்னு 1628-ல் ஹார்வி எழுதின பிறகு, மரத்துக்குள்ள சாறும் அப்படித்தான் சுத்துதுன்னு பலர் நம்பினாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹேல்ஸ் ரெண்டையும் அளந்தார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்க வச்சு, தொடைத் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. ரத்த அழுத்தத்தை இப்படி அளந்த முதல் ஆள் அவர்தான். குதிரை பிழைக்கலை. பக்கத்து ஊர்க் கவிஞர் அலெக்சாண்டர் போப் அவருக்கு நண்பர். ஆனாலும் மிருகங்களை அறுக்கிற இந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. நான் போப் பக்கம்தான்.

செடி விஷயம் தற்செயலா ஆரம்பிச்சது. நீர் வடியும் பருவம் நெருங்கின நேரத்தில் ஒரு பழைய திராட்சைக் கொடியை வெட்டியாச்சு. வடிதல் நிக்கவே இல்லை. கொடி செத்துடுமோன்னு பயந்து, வெட்டின இடத்தில் மிருகத்தோட சிறுநீர்ப்பைத் தோலை இழுத்துக் கட்டினார். தோல் உப்பிடுச்சு! அப்போ உள்ளேயிருந்து ஏதோ தள்ளுது. எவ்வளவு பலமா? பின்னாடி வேற கொடிகளில் குழாய் மாட்டிப் பார்த்தார், சாறு 21 அடி ஏறியது. பாதரச மானியில் ஒரு தடவை கிடைச்ச அளவை நீர்மட்டமா மாத்தினா 36 அடிக்கு மேல. குதிரை ரத்தத்தை விட நாலு மடங்குக்கும் அதிகம், அதுவும் இதயமே இல்லாம. இதைத்தான் நாம வேர் அழுத்தம்னு படிச்சோம்.

ஆனா கோடையில் அந்தத் தள்ளலைக் காணோம். 1724-ல் மூன்றரை அடி சூரியகாந்தித் தொட்டியை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை போட்டார். ஒரு பகலில் சராசரியா 20 அவுன்ஸ் தண்ணீர் இலை வழியா ஆவியாகுது. இலையைப் பிய்ச்ச கிளைகள் ரொம்பக் கம்மியா குடிச்சது. அதனால சாறு சுத்தி வரலை, இலைதான் மேலே இழுக்குதுன்னு முடிவுக்கு வந்தார். காய்ந்த பட்டாணியை நீரில் போட்டு, மேலே 184 பவுண்டு எடையும் வச்சார். ஊறின பட்டாணி அதையும் தூக்கிடுச்சு. காய்ந்த விதை நீரை உறிஞ்சி உப்புற உள்ளீர்ப்பு அழுத்தத்துக்கு இதை விட நல்ல டெமோ எனக்குத் தெரியலை.

1727-ல் இதையெல்லாம் புத்தகமா போட்டார். இழுத்தா நீர்த்தம்பம் ஏன் அறுந்து போகலைங்கிற கேள்விக்கு, நீர் மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்குதுன்னு டிக்சனும் ஜோலியும் 1894-ல் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இலை தயாரிக்கிற சர்க்கரை பட்டைக்குள்ள ஃபுளோயம் வழியா இறங்குற கதையும் அவருக்குப் பிறகுதான்.

அப்புறம் கப்பல்களுக்கும் சிறைகளுக்கும் காற்றோட்டக் கருவி செய்து கொடுத்தார். 1761-ல், 83 வயசில் இறந்தார். அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி கிராமத்துக்கு நல்ல தண்ணீர் வர ஏற்பாடு செஞ்சிருந்தார். திறப்பு விழாப் பேச்சை விடுங்க, சர்ச் பதிவேட்டில் ஃப்ளோ ரேட் எழுதி வச்சிருக்கார்: வினாடி ஊசல் மூணு தடவை ஆடுறதுக்குள்ள ரெண்டு குவார்ட் பாத்திரம் நிரம்புது. அந்த ஊசலோட நீளமும் கூடவே இருக்கு, 39.2 அங்குலம்.