ஊர் மாறியும் பெயர் மாறாத பெருந்தகை
திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களின் முன் எவருடைய வாழ்க்கையை வைப்பது என்று எண்ணிப் பார்த்தோம். பர்கூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பிறந்த நம் பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும், பெங்களூர் நகரத்துக்கும், தொலைவிலுள்ள கல்லூரிகளுக்கும் செல்கின்றனர். புது இடத்தில் மொழி வேறு, பழக்கம் வேறு. வாடகைக்கு வீடு கேட்கப் போனால் வாடகையைச் சொல்லுமுன் குலத்தை விசாரிப்போர் இன்றும் உளர். இத்தகைய இடுக்கண்களை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே பட்டறிந்து வென்றவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். ஆகவே அன்னாரின் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இரட்டைமலை என்பது அவர்தம் தந்தையாரின் பெயர். கல்வியின் பொருட்டு அவர் கோயம்புத்தூரில் தங்க நேர்ந்தது. அங்கே கலாசாலையில் பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலமும் குடியிருப்பும் பிறருக்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்று அவர் அஞ்சினார். காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஒதுங்கிப் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் உடன் பயில்வோர் எவரும் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார். ஓடி விளையாட வேண்டிய வயதில் விளையாட்டும் இல்லை; தோழமையும் இல்லை. இக்கொடுமையை எங்ஙனம் வெல்வது என்று அன்றே அவர் எண்ணி எண்ணி மனங்கலங்கியதை, 1939இல் வெளிவந்த அவர்தம் வாழ்க்கைச் சுருக்க நூலால் அறிகிறோம்.

படிப்புக்குப் பின் நீலகிரிக்குச் சென்று, ஐரோப்பியரின் வணிக நிலையங்களில் கணக்கராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கணக்கும் ஆங்கிலமும் அவருக்குச் சோறிட்டன. ஆயினும் தம் ஒருவர் வயிறு நிறைந்தது போதும் என்று அவர் அமைந்துவிடவில்லை. 1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் பறையன் என்ற பெயரிலேயே நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். மாத இதழாகப் பிறந்த அது பின்னர் வார இதழாக வளர்ந்து, ஏழாண்டுக் காலம் நடைபெற்றது.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். கோயம்புத்தூரில் எந்தப் பெயர் பிறர் காதில் விழுந்துவிடுமோ என்று அஞ்சி ஓடினாரோ, அதே பெயரைச் சென்னையில் பத்திரிகையின் நெற்றியில் பொறித்தார். ஊர் மாறினால் மட்டும் அச்சம் நீங்காது, அது மூட்டையோடு கூடவே வரும் என்பதை அவர் கண்டுகொண்டார். தம்மை இன்னார் என்று வெளிப்படுத்த நாணுவோர் தமக்குரிய உரிமையையும் கேட்க இயலாது என்பதே அவர்தம் துணிபு. தனியொருவராய் அதனைச் சொல்வது கடினம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதனாலன்றோ முதலில் சபையையும், அதன்பின் பத்திரிகையையும் அமைத்தார்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து செல்லக் கருதிப் புறப்பட்ட அவர், வழியில் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். அந்நாட்டுக்கு 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் தமிழும் தெலுங்கும் பேசிய ஏழைகள் பல்லாயிரவர். வழக்குமன்ற மொழியோ ஆங்கிலம். தன் வழக்கையே விளங்கிக்கொள்ள மாட்டாமல் நின்ற தொழிலாளிக்கு மொழிபெயர்ப்பாளரின் நாவே துணை. தாம் முயன்று கற்ற மொழியை, அயல்நாட்டில் தவித்த எளியவர்க்கும் பயன்படும் வகையில் அவர் ஆண்டார்.

1920களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பிய அவர், 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஒடுக்கப்பட்டோர்க்குத் தடை கூடாது என்று அவரும் அக்கால ஆதி திராவிட உறுப்பினர் பிறரும் வலியுறுத்தினர். அதன் பயனாக 1924இல் தீர்மானம் நிறைவேறி, 1925இல் அரசிதழில் வெளியாயிற்று. இலண்டனில் 1930லும் 1931லும் கூடிய வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களின் சார்பாளராக அமர்ந்தார். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோருள் அவரும் ஒருவர். 1945 செப்டம்பர் 18இல் சென்னையில் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

கோழியாளத்துச் சிறுவர் இலண்டன் மாநாட்டு மண்டபம் வரை சென்ற இவ்வரலாற்றில் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. புதிய ஊரின் மொழியையும் தொழிலையும் முயன்று கற்க வேண்டும். பெங்களூர் செல்வோர்க்குக் கன்னடம் கைவிளக்காகும். பிறந்த குடியைச் சொல்ல நாணலாகாது. நாண வேண்டியவர் அதனை விசாரித்து வீடு மறுப்பவரே. மூன்றாவது, முன்னே சென்றவர் பின்னே வருவோர்க்குத் துணை நிற்க வேண்டும். முதல் மாதச் சம்பளம் வரும்வரை தங்க ஓர் இடம், உண்ண ஒரு வேளைச் சோறு, வழி சொல்ல ஒரு வாய் ஆகியவற்றை முன்னே சென்றவர் தந்தாலே போதும். புதியவரின் பாதி அச்சம் தீரும்.

கோயம்புத்தூரில் அச்சிறுவருக்கு அத்தகைய துணை கிட்டவில்லை. நம் பிள்ளைகளுக்கு அது கிட்டச் செய்வதே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.