தொண்டுக்கும் கல்வி வேண்டும்

பாளையங்கோட்டைக்குக் கல்வி நகரம் என்ற கீர்த்தி நெடுங்காலமாக உண்டு. 1878-ல் செயின்ட் ஜான்ஸ், 1895-ல் ஸாரா டக்கர், 1923-ல் செயின்ட் சேவியர் என்று கலாசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே எழுந்தன. தாமிரபரணிக் கரைக் கிராமங்களிலிருந்து இவற்றை நாடி வரும் இளைஞர்களும் யுவதிகளும் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். அவர்களில் ஒருவர் வக்கீலாகப் போகிறேன் என்றாலும், வைத்தியராகப் போகிறேன் என்றாலும் வீட்டார் மகிழ்கின்றனர். சமூகப் பணியில் மேற்பட்டம் படிக்கப் போகிறேன் என்றாலோ திகைக்கின்றனர். ஏழைக்கு உதவ இரக்கம் போதாதா, அதற்கும் ஒரு பட்டமா என்று கேட்கின்றனர். பெற்றோர் மட்டுமா? தேச ஊழியத்தில் பழுத்த நண்பர்களே இக் கேள்வியைப் பரிகாசமாக எழுப்புவதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு வாதத்தினால் விடை கூறுவதைவிட ஒரு வாழ்க்கையை எடுத்துக்காட்டுவதே தக்கது என்று கருதுகிறோம். அது ஸ்ரீமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் வாழ்க்கை.

அம்மையார் 1909-ம் ஆண்டு ஜூன் மாதம் உதகமண்டலத்தில், ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை ராஜதானியில் பார்ஸிகள் அந்நாளில் சில நூறு பேருக்கு மேல் இல்லை. அம்மையார் சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்தார். பதினெட்டாவது வயதில் ஸ்ரீ நோகி கிளப்வாலாவை மணந்தார். 1930-ல் ஒரு புதல்வர் பிறந்தார். செல்வமும் அமைதியும் நிறைந்த இல்வாழ்க்கையாகவே அது முடிந்திருக்கக் கூடும். ஆனால் 1935-ல் கணவர் நோயுற்றுக் காலமானார். இளம் வயதிலேயே, கையில் ஒரு குழந்தையுடன் அம்மையார் விதவையானார்.

நமது தேசத்தில் அத்தகைய நிலை எய்திய பெண்கள் எத்தனை லட்சம் பேர்! வீட்டின் பின்கட்டே உலகமாக ஆயுளைக் கழிக்கும்படி சமூகம் அவர்களை விதித்திருந்தது. மேரி அம்மையாரோ தமது துக்கத்துடன் வெளியே வந்தார். 1923-ல் சென்னையில் தொடங்கப்பெற்றிருந்த கில்ட் ஆப் ஸர்வீஸ் என்னும் சேவா ஸ்தாபனத்தில் ஈடுபட்டார். அநாதைக் குழந்தைகள், எழுத்தறியாத பெண்கள், அங்கவீனர்கள் ஆகியோரின் குறைகளைத் தமது குறையாக ஏற்றார். நாளடைவில் அந்த ஸ்தாபனமும் அவர் பெயரும் பிரிக்க முடியாதபடி இணைந்தன. பிற்காலத்தில் ராணுவ அதிகாரியான மேஜர் சந்திரகாந்த் ஜாதவை மறுமணம் செய்துகொண்டார்.

1942-ம் ஆண்டு வந்தது. பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் மாதத்தில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் பல்லாயிரக் கணக்கில் நகரை விட்டு வெளியேறினர். துருப்புகளோ திரள் திரளாக வந்து இறங்கின. வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பொழுதுபோக்கவும் இளைப்பாறவும் இடங்கள் இருந்தன. இந்தியச் சிப்பாய்களுக்கு அவ்வசதிகள் மிகவும் சொற்பம். இந்தப் பேதம் அம்மையாரின் நெஞ்சை உறுத்தியது. இந்திய உபசரணைக் கமிட்டி என்ற ஒன்றை நிறுவினார். பல சமூகங்களையும் சேர்ந்த பெண்மணிகளைத் திரட்டினார். நகரும் சிற்றுண்டிச் சாலைகளை நடத்தினார். ஆஸ்பத்திரியில் கிடந்த காயம்பட்டவர்களைச் சென்று பார்ப்பதற்கும், அவர்களுக்குக் கைவேலை முதலியவற்றால் மனத்தெம்பு ஊட்டுவதற்கும் ஏற்பாடு செய்தார். பணத்தைப் பொது ஜனங்களிடமே வசூலித்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் தேசத்தின் சிறைகள் நிரம்பின என்பதை நாம் மறந்துவிடவில்லை. நமது ஜில்லாவின் குலசேகரன்பட்டினத்தில் இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்ததும் அவ்வாண்டில்தான். அந்நிய சர்க்காரின் யுத்தத்தில் போரிட்டவர்களுக்குப் பணிவிடை செய்வதா என்று அன்று சிலர் முகம் சுளித்திருந்தால் அதில் வியப்பில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் அம்மையாருக்கு எம்.பி.இ. விருது அளித்திருந்ததும் அந்தச் சந்தேகத்துக்குத் துணைபோயிருக்கும். எனினும் அந்தச் சிப்பாய் யார்? வானம் பார்த்த பூமியில் பிழைப்பின்றிப் பட்டாளத்தில் சேர்ந்த நம் கிராமத்துப் பிள்ளையே அல்லவா? அவனுக்குக் கிடைத்த ஒரு கோப்பைத் தேநீர் ஏகாதிபத்தியத்துக்கு அளித்த உதவியாகாது. பர்மாவில் வெற்றி கண்ட பதினான்காவது சேனை, கைப்பற்றிய ஜப்பானிய வாள் ஒன்றை அம்மையாருக்குப் பரிசளித்தது. அதைவிடப் பெரிதாக நாம் மதிப்பது, யுத்தம் முடிந்த பின்பும் அவர் கமிட்டியைக் கலைக்காமல், வேலையிழந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவி வந்ததையே.

இனி, அவருடைய வாழ்க்கையின் தலையாய காரியத்துக்கு வருவோம். சுதந்தரம் வந்தது. முன்பு தர்மவான்களின் கருணையை எதிர்பார்த்திருந்த அநாதையும் நோயாளியும் இப்போது ராஜ்யத்தின் பிரஜைகளாயினர். அவர்களுக்கு உதவுவது தர்மம் என்ற நிலை மாறிக் கடமை என்றாயிற்று. அக் கடமையைச் செய்வதற்கு ஓய்வு நேரத்தில் வரும் கனவான்களும் சீமாட்டிகளும் போதுமா? போதாது என்று அம்மையார் கண்டார். 1952-ல், கில்ட் ஆப் ஸர்வீஸும் இந்திய சமூக சேவை மகாநாட்டின் சென்னைக் கிளையும் ஆதரவளிக்க, சென்னை சமூகப் பணிப் பள்ளி பிறந்தது. தென்னிந்தியாவில் இவ்வகைப் பள்ளிகளில் இதுவே முதலாவது என்று போற்றப்படுகிறது.

இது உலகத்துக்குப் புதிய எண்ணமன்று. நியூயார்க் நகரில் 1898-லேயே தர்ம ஸ்தாபன ஊழியர்களுக்குக் கோடைக் காலப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. பம்பாயில் 1936-ல் கிளிப்போர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கரைத் தலைவராகக் கொண்டு, தோராப்ஜி டாட்டா பெயரால் பட்டதாரிகளுக்கான பள்ளி ஏற்பட்டது. ஆனால் சென்னையில் நடந்ததில் ஒரு விசேஷம் உண்டு. இத்துறையில் பட்டம் எதுவும் பெறாமல், அனுபவம் ஒன்றையே ஆசானாகக் கொண்டிருந்த ஒரு பெண்மணி, அந்த அனுபவம் மட்டும் போதாது என்று துணிந்து கூறியதுதான் அது. தாம் ஏறி வந்த ஏணியே சிறந்தது என்று சாதிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். தமக்குக் கிட்டாத கல்வி தமக்குப் பின் வருவோருக்குக் கிட்டவேண்டும் என்று உழைப்பவர் அரியர்.

அந்தக் கல்விதான் என்ன? இரண்டாண்டுப் படிப்பு. இடுக்கணுற்ற ஒரு தனி மனிதரோடு பழகி அவர் தம் காலில் நிற்கச் செய்வது எப்படி, சிறு குழுவை ஒன்றுகூட்டி நடத்துவது எப்படி, ஒரு சேரியோ கிராமமோ தன் குறையைத் தானே உணர்ந்து தீர்க்கத் தூண்டுவது எப்படி என்று மூன்று முறைகளை மாணவர் கற்கிறார். மனோதத்துவம், சட்டம், ஆராய்ச்சி முறை, ஸ்தாபன நிர்வாகம் ஆகியவையும் உண்டு. வாரத்தில் சில நாட்கள் வகுப்பறையை விட்டு ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, குழந்தைகள் இல்லம், சேரி முதலிய இடங்களுக்குச் சென்று பணியாற்ற வேண்டும். செய்ததை எழுதிக் காட்ட வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் குறைகளை எடுத்துரைப்பார். வைத்திய மாணவனுக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, இவர்களுக்கு இந்தக் களப்பணி அப்படி.

இதன் பயன் யாது என்று கேட்போர் நமது ஜில்லாவின் சரித்திரத்தையே நோக்கலாம். 1908-ம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு வழிகாட்டியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கூலி உயர்வும் ஓய்வு நாளும் கேட்ட அந்த ஏழைகளுக்காகப் பேச அன்று சட்டத்தில் இடமில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அதிகாரி இருந்தே தீரவேண்டும் என்று விதித்தது. போராட்டம் சட்டத்தைப் பெற்றுத் தந்தது. சட்டத்தை நடத்தத் தெரிந்தவர்களை யார் தருவது? அவ்விடத்தில்தான் சமூகப் பணிப் பள்ளியின் அவசியம் விளங்குகிறது.

பாளையங்கோட்டையிலேயே இதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. 1890-ல் மிஸ் ஆஸ்க்வித் இங்கே கண் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். அதே பத்தாண்டில் மிஸ் ஸ்வெய்ன்ஸன் செவிகேளாப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். பார்வையற்ற பிள்ளையைக் கண்டு இரங்காதவர் இல்லை. அவனுடைய விரல் நுனிக்கு எழுத்தைக் கற்பிக்க இரக்கம் மட்டும் உதவாது. அதற்கு முறை தெரிய வேண்டும். பொறுமையோடு பழக வேண்டும். கடன்பட்டுக் குடியில் வீழ்ந்தவனையும், கணவனால் கைவிடப்பட்டவளையும், சிறை மீண்டவனையும் கரையேற்றுவதற்கும் அப்படியே முறை உண்டு.

பட்டம் பெற்றவுடன் தொண்டுள்ளம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கூலிக்காகத் தொண்டு செய்வதும், காகிதத்தை நிரப்பிவிட்டு ஏழையை மறப்பதும் இத்துறையிலும் நேரக் கூடிய அபாயங்களே. ஆயினும் சம்பளம் பெறுகிறார் என்பதற்காக நல்ல வைத்தியரை நாம் வெறுப்பதில்லை. உள்ளம் இல்லாத பயிற்சி வறண்டது. பயிற்சி இல்லாத உள்ளமோ சில சமயம் உதவ நினைத்தவருக்கே தீங்கு விளைக்கும். இரண்டும் சேரவேண்டும் என்பதே மேரி அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் கூறுவது.

சுதந்தர இந்தியாவும் அம்மையாரைக் கௌரவித்தது. 1955-ல் பத்மஸ்ரீ, 1968-ல் பத்மபூஷண், 1975-ல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகள் அவருக்குக் கிடைத்தன. 1956-ல் சென்னையின் ஷெரீப் பதவியையும் வகித்தார். பத்மவிபூஷண் பெற்ற 1975-ம் ஆண்டிலேயே அவர் காலமானார். எழும்பூரில் அவர் நிறுவிய பள்ளி இன்று சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த கலாசாலையாக முதுகலைப் பட்டங்களுக்கு மாணவரைத் தயாரித்து வருகிறது.

தேச ஊழியர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. மேடையும் ஊர்வலமும் வேண்டியவைதான். ஆனால் கூட்டம் கலைந்தபின் ஒவ்வொரு குடிசையின் கதவையும் தட்டி உள்ளே செல்பவர் ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ அந்தப் பணியைக் கற்றுவர விரும்பினால் தடுக்காதீர்கள், பரிகசிக்காதீர்கள். பிரயாணத்துக்குப் பணம் கொடுத்து, மனமுவந்து ஆசீர்வதித்து அனுப்புங்கள்.