கல்லில் வரலாறு கண்ட இராபர்ட் புரூஸ் பூட்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் முதலான மீனவர் ஊர்களில் நின்று, இம்மண்ணின் பழமை யாது என நாம் வினவினால், பெரியோர் 1613-ஆம் ஆண்டு டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையைக் காட்டுவர். அதற்கு முன்னரே அரபு வணிகர் வந்திறங்கியதையும் நினைவுகூர்வர். ஆயின் இவ்வட்டாரத்தின் பழமை அவற்றினும் பன்மடங்கு மூத்தது. ஏரிக்குத் தெற்கே எண்ணூரில் கடல் சேரும் கொசத்தலையாற்றின் மேற்பகுதியில் அதற்குச் சான்றுகள் உள்ளன. அவற்றை உலகறியச் செய்தவர் ஆங்கிலேய நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட். அன்னாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டனாமில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளின் வகையையும் அடுக்கையும் ஆராய்ந்து வரைபடத்தில் குறிப்பதும், கனிவளங்களைக் கண்டு கூறுவதும் அவர்தம் கடமையாயின. பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வடஆர்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் குறித்த அவர்தம் அறிக்கை 1873-இல் வெளிவந்தது.

பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் தொன்மை மனிதனின் கைவேலையே என்பதை 1859-இல் ஆங்கில அறிஞர்கள் ஏற்றனர். அச்செய்தி பூட்டின் உள்ளத்தில் பதிந்தது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பல்லாவரத்தில் செம்புரைச் சரளை தோண்டிய குழியொன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். நீரில் உருண்ட கல் வழவழப்பாக இருக்கும்; மனிதன் செதுக்கிய கல்லிலோ சில்லுகள் முறையாகப் பெயர்ந்த வடுக்கள் தெரியும். இவ்வேறுபாட்டை அவர்தம் கண் உடனே உணர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இந்தியாவிலும் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது நிலைபெற்றது.

தொழிலிலும் அவர் பின்தங்கவில்லை. தென்னிந்தியாவில் பொன் விளையும் பாறைத் தொகுதியை வகுத்துத் தார்வார் எனப் பெயரிட்டார். கர்நூல் பகுதியிலுள்ள பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்தார். 1891-இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் அரசுகளுக்கும் நிலவியலாளராகப் பணியாற்றினார்.

தமிழ் மாணவர் அறிய வேண்டிய உறவொன்றும் உண்டு. பூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டியவரும் அப்பெர்சிவலே. மாமனார் மக்களின் நாவில் வாழ்ந்த பழமையைத் திரட்டினார். மருமகனார் மண்ணுள் கிடந்த பழமையைத் திரட்டினார்.

பூட் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. எப்பொருள் எவ்விடத்தில் கிடைத்தது என்பதை அவர் பொறுப்புடன் குறித்து வைத்திருந்தார். இடம் மறந்துவிட்டால் கருவியும் வெறுங்கல்லே என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஏற்காட்டில் வாழ்ந்த அவர், 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அவர்தம் சாம்பல் ஏற்காட்டுத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய விளக்கப் பட்டியல் 1914-லும் 1916-லும் அச்சேறியது.

கருவிகளின் வயதைக் கணிக்கும் முறை அவர் காலத்தில் இல்லை. சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வுக்குழு, அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மை உடையன என 2011-இல் அறிவித்தது. சரளைக் குழியில் பூட் கண்ட உண்மை இவ்வளவு ஆழமுடையது என்பது அப்போது தெளிவாயிற்று.

ஈண்டு நாம் ஒன்றை எண்ண வேண்டும். பல்லாவரத்தில் சான்றை வெளிக்கொணர்ந்தது சரளை தோண்டிய குழிதான். பார்க்கும் கண் அங்கில்லையெனில் அக்கல் சாலைக்கு இரையாகி மறைந்திருக்கும். இன்றும் மண்ணும் சரளையும் அள்ளும் இடங்களில் எத்தனை சான்றுகள் அழிகின்றனவோ! நம் மாணவர்கள் தத்தம் ஊர் மண்ணைக் கூர்ந்து நோக்கப் பழகுவார்களாக. ஐயத்திற்குரிய கல் கிடைத்தால் அதனைப் பெயர்த்தெடுக்காமல், கிடந்த இடத்தைக் குறித்து, ஆசிரியரிடமோ தொல்லியல் துறையினரிடமோ தெரிவிப்பார்களாக. அதுவே பூட் பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.